ஒரு வசனம், ஒரு ஃப்ரேம், ரெண்டு கலர்!

உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச சினிமா வசனம் ஒண்ணை மனசுக்குள்ள சட்டுனு சொல்லிப் பாருங்க. சொல்லியாச்சா? இப்போ அந்த வசனத்தோட கூடவே என்ன படம் வந்து நின்னுச்சு? ஹீரோ முகம்தானே! கூலிங் கிளாஸ், காத்துல பறக்கிற முடி, கீழேயிருந்து மேலே பார்க்கிற கேமரா ஆங்கிள். அதனாலதான் கல்ச்சுரல்ஸ் சீசன் வந்துட்டா எல்லா டிபார்ட்மென்ட் டி-ஷர்ட்டும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கு. மேலே ஹீரோ முகம், கீழே பன்ச் டயலாக். மெக்கானிக்கலுக்கும் சிவிலுக்கும் வித்தியாசம் காலர் கலர் மட்டும்தான்!

தப்பில்லை பாஸ். ஆனா ஒரு நிமிஷம் யோசிங்க. அந்த முகத்தைப் படம் பிடிச்சது ஒரு கேமராமேன். அந்த வரியை எழுதினது ஒரு வசனகர்த்தா. பேசி ஊரெல்லாம் பரப்பினது நடிகர். டி-ஷர்ட்டுல உங்க பங்கு என்ன? கட், காப்பி, பேஸ்ட். அதுக்குக் கீழே 'டிசைன் செய்தவர்'னு உங்க பேரைப் போட்டுக்க மனசு வருமா? நாளைக்கு டிசைன் காலேஜ் இன்டர்வியூவுல போர்ட்ஃபோலியோவை நீட்டும்போது, 'இதுல உன்னோடது எது?'னு எதிர்ல உட்கார்ந்திருக்கிறவர் கேட்டா என்ன சொல்வீங்க?

இந்த வாரம் அந்தக் கேள்விக்கு ஒரு பதிலைத் தயார் பண்ணுவோம். ஒரு வசனத்தை எடுத்து, அதுக்கு நீங்களே ஒரு படம் யோசிச்சு, அதை ஸ்கிரீன் பிரிண்டிங்ல உங்க கையாலேயே அச்சடிக்கிற வேலை. ஒரே ஒரு கண்டிஷன். ஹீரோ முகம் வரவே கூடாது!

முகம் இல்லாம வசனமான்னு மிரளாதீங்க. நம்ம ஊருக்கு இது புதுசே இல்லை. வீட்டுல தாத்தாகிட்ட கேட்டுப் பாருங்க. ஒரு காலத்துல கல்யாண வீடோ, காதுகுத்தோ, கோயில் கொடையோ, குழாய் ஸ்பீக்கர்ல பாட்டு மட்டும் ஓடாது, வசனமும் ஓடும். 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959) ஜாக்சன் துரை சீன், 'திருவிளையாடல்' (1965) தருமி சீன் எல்லாம் முதல்ல இசைத்தட்டுல, அப்புறம் கேசட்டுல. 'பராசக்தி' (1952) கோர்ட் சீனை மூச்சு விடாம ஒப்பிக்கிற ஆளு ஊருக்கு நாலு பேராவது இருப்பாங்க. அங்கே திரையும் கிடையாது, ஷாட்டும் கிடையாது. வெறும் சத்தம்தான். பந்தியில உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கிக்கிட்டே கேட்டவங்க, ஆளுக்கு ஒரு படத்தைத் தலைக்குள்ள ஓட்டிக்கிட்டாங்க. வசனத்தை அது வந்த ஷாட்டுலேர்ந்து பிரிச்சு எடுக்கிற வித்தை அவங்களுக்குச் சும்மா வந்துச்சு. நமக்கு மீம் பார்த்துப் பார்த்து அது மறந்து போச்சு, அவ்வளவுதான்.

சரி, ஏன் ஸ்கிரீன் பிரிண்டிங்? கம்ப்யூட்டர்ல பண்ணி கலர் பிரிண்ட் எடுத்தா ஆகாதா? ஆகும். ஆனா அதுல ஒரு சிக்கல் இருக்கு. அங்கே கோடிக்கணக்கான கலர் இலவசம். இலவசமா கிடைக்கிறப்போ எதை விடணும்னு யோசிக்கவே மாட்டோம். ஸ்கிரீன் பிரிண்டிங்ல ஒரு கலருக்கு ஒரு ஃப்ரேம். ரெண்டு கலர் வேணும்னா ரெண்டு ஃப்ரேம், ரெண்டு தடவை கோட்டிங், ரெண்டு தடவை கழுவல், ஒவ்வொரு தாளையும் ரெண்டு தடவை கையில எடுத்து வைக்கணும். அஞ்சு கலர்னா முதுகு போயிடும்! 'இந்தக் கலர் நிஜமாவே வேணுமா?'ங்கிற கேள்வியை உங்க முதுகுவலியே கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதில் தேடுறதுதான் டிசைன்.

இந்தத் தொழிலை நீங்க தினமும் பார்த்துக்கிட்டுதான் இருக்கீங்க. வீட்டுல கதவுக்குப் பின்னாடி தொங்குதே மஞ்சப்பை, 'மணமக்களை வாழ்த்த வந்த'ன்னு ஆரம்பிச்சு மாமா கடை விளம்பரம் வரைக்கும், அதெல்லாம் ஸ்கிரீன் பிரிண்டிங்தான். கல்யாணப் பத்திரிகையில தடவினா விரலுக்குத் தட்டுப்படுற தங்கக் கலர் பிள்ளையார், திருப்பூர் பனியன் நெஞ்சுல இருக்கிற படம், விசிட்டிங் கார்டு, எல்லாம் அதே குடும்பம். 2000-கள்ல ஃப்ளெக்ஸ் வந்து துணி பேனர் எழுதுறவங்க பிழைப்பை அடிச்சுட்டுப் போச்சு. ஆனா துணியில, பையில, தடிமனான அட்டையில அழுத்தமா மை உட்காரணும்னா இன்னைக்கும் இந்த ஃப்ரேம்தான்.

பேர்ல சில்க் இருக்கே தவிர பட்டுத் துணி எல்லாம் எப்பவோ போயாச்சு. இப்போ இருக்கிறது பாலியஸ்டர் வலை. மரச் சட்டத்துல அதை மத்தளம் மாதிரி இழுத்துக் கட்டியிருப்பாங்க. மை போக வேண்டிய இடத்துல வலை திறந்திருக்கும், போகக் கூடாத இடம் அடைச்சிருக்கும். மேலே மையை ஊத்தி ரப்பர் கட்டையால ஒரு இழு இழுத்தா, திறந்த இடத்துல மட்டும் மை கீழே இறங்கும். நம்ம அம்மாக்கள் வாசல்ல தள்ளுற ஓட்டை போட்ட கோல அச்சு இருக்கே, அதோட தம்பின்னு வெச்சுக்குங்க.

கலர் கம்மியா இருந்தா என்ன அதிசயம் நடக்கும்னு தெரியணும்னா கியூபாவுக்கு ஒரு எட்டு போயிட்டு வரணும். 1959-ல் புரட்சி முடிஞ்ச கையோட, மார்ச் மாசமே அங்கே அரசாங்க சினிமா நிறுவனம் ஒண்ணு ஆரம்பிச்சாங்க. உள்ளூர்ப் படமோ, வெளிநாட்டுப் படமோ, ரிலீஸ் ஆகிற படத்துக்கு அவங்களே புதுசா போஸ்டர் போட்டாங்க. அளவு 51-க்கு 76 சென்டிமீட்டர். எல்லாமே கையால இழுத்த ஸ்கிரீன் பிரிண்ட். அமெரிக்கா பொருளாதாரத் தடை போட்டதால பேப்பரும் மையும் தட்டுப்பாடு. நம்ம ஆளா இருந்தா 'மெட்டீரியல் இல்லை சார்'னு லெட்டர் எழுதிட்டுக் கேன்டீனுக்குப் போயிருப்போம். அவங்க அந்தத் தட்டுப்பாட்டையே ஸ்டைலா மாத்தினாங்க. எடுவார்தோ முன்யோஸ் பாக்ஸ், ரெனே அஸ்குய், அல்ஃப்ரெடோ ரோஸ்ட்கார்ட், அந்தோனியோ ஃபெர்னாண்டெஸ் ரெபோய்ரோ, இந்தப் பேரை எல்லாம் தேடிப் பாருங்க. டிக்கெட் விக்க நட்சத்திர முகம் தேவையில்லைங்கிறதால, படம் எதைப் பத்தினதுன்னு யோசிச்சு ஒரே ஒரு உருவத்துல அடக்கினாங்க.

ஒரு உதாரணம். 1967-ல் 'முதன்முறையாக'ங்கிற அர்த்தத்துல தலைப்பு வெச்சு ஒரு குட்டி டாக்குமென்டரி வந்துச்சு. சினிமாவையே பார்க்காத மலைக் கிராமத்து ஜனங்களுக்கு லாரியில புரொஜக்டர் கொண்டு போய்ப் படம் காட்டுறாங்க. அவங்க பார்த்தது சாப்ளினோட 'மாடர்ன் டைம்ஸ்'. இதுக்கு போஸ்டர் போடச் சொன்னா நாம என்ன போடுவோம்? லாரி, மலை, வாயைப் பிளந்த கூட்டம். முன்யோஸ் பாக்ஸ் சாப்ளினைப் போட்டார். எடுத்த படம் அது இல்லை, அவங்க பார்த்த படம் அது! கதைக்கு இந்தப் பக்கம் நிக்காம அந்தப் பக்கம் போய் நின்னுட்டார் பாருங்க. நமக்கு வேண்டியது அந்த ஒரு எட்டு நகர்தல்தான்.

இப்போ நம்ம ஊர் வசனங்களுக்கு வருவோம். முதல்ல '16 வயதினிலே' (1977). வசனம் பி. கலைமணி. 'சந்தைக்குப் போணும், ஆத்தா வையும், காசு குடு.' இதைக் கேட்டதும் சிரிப்பு வருதா? வரும். மிமிக்ரி மேடையில கேட்டுக் கேட்டு அது காமெடி ஆயிடுச்சு. ஆனா வசனத்தை எழுத்தா தாள்ல எழுதி, பேசின குரலை மறந்துட்டுப் படிச்சுப் பாருங்க. செஞ்ச வேலைக்குக் காசு கேட்டுக் கெஞ்சுறான் ஒருத்தன். கொடுக்க வேண்டியவன் கொடுக்க மாட்டேங்கிறான். வீட்டுக்குப் போனா திட்டு விழும். மூணு துண்டு வாக்கியத்துல ஒரு ஏழையோட ஒரு நாள் முழுசா இருக்கு. சந்தையை வரைஞ்சா அது வெறும் விளக்கப் படம். ஆத்தாவை வரைஞ்சாலும் அதேதான். நான் ஒரு கையை மட்டும் வரைவேன். நீட்டின உள்ளங்கை, ஒரே கலர், காவி மண் கலர். அந்தக் கை நடுவுல வட்டமா ஒரு இடம், மையே விழாம. தாளோட வெள்ளை அப்படியே தெரியணும். அதுதான் காசு. வராத காசு!

இதுல ஒரு தொழில் ரகசியம் இருக்கு. ஸ்கிரீன் பிரிண்டிங்ல தாளோட நிறம் உங்களுக்குக் கிடைக்கிற ஃப்ரீ கலர். அதுக்குத் தனி ஃப்ரேம் வேண்டாம், மை வேண்டாம். எங்கே அச்சடிக்கலையோ அதுவும் படம்தான். புதுசா வர்றவங்க தாள் முழுக்க மையைக் கொட்டிட்டு 'வெயிட்டா இருக்கு'ன்னு சந்தோஷப்படுவாங்க. விட்டுருங்க, வயசுக் கோளாறு.

அடுத்தது கொஞ்சம் கஷ்டமான கேஸ். 'நாயகன்' (1987). வசனம் பாலகுமாரன். பேரன் தாத்தாவைப் பார்த்து 'நீங்க நல்லவரா கெட்டவரா?'னு கேட்பான். இதுக்கு டிசைன் கேட்டா பத்துல ஒன்பது பேர் முகத்தைப் பாதி வெள்ளை, பாதி கறுப்புன்னு பிரிச்சுக் கொண்டு வருவாங்க. பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனா அது கேள்விக்குப் பதில் சொல்லிடுது. 'பாதி நல்லவர், பாதி கெட்டவர்'னு கணக்கு முடிச்சுடுது. படத்துல அவருக்கே பதில் தெரியாது. தெரியலைங்கிறதுதான் அந்தக் காட்சி. அப்போ தெரியாததை எப்படி அச்சடிக்கிறது?

இங்கேதான் மை கை கொடுக்கும். மையோட டிரான்ஸ்பரன்ட் பேஸ் கலந்து நீர்க்க வெச்சா, ஒரு கலர் மேல இன்னொரு கலர் விழுகிற இடத்துல மூணாவது கலர் பிறக்கும். மஞ்சள் மேல நீலம் விழுந்தா பச்சை, இது எல்லாருக்கும் தெரியும். ரெண்டு ஃப்ரேம் எடுங்க. ஒண்ணுல சோறு கொடுக்கிற கை. இன்னொண்ணுல ஓங்கின கை. ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணா இழுங்க. ஓரத்துல ரெண்டும் தனித்தனியா தெரியும். நடுவுல எது எந்தக் கைன்னு பிரிக்கவே முடியாம ஒரு மூணாவது நிறம் நிக்கும். உத்துப் பார்த்தாலும் பிரியாது. ஏன்னா நிஜமாவே பிரிக்க முடியாம ரெண்டு மையும் ஒண்ணு மேல ஒண்ணு காஞ்சு போச்சு. கம்ப்யூட்டர்லயும் இதைப் பண்ணலாம்தான், ஆனா அங்கே லேயரை ஆஃப் பண்ணினா பிரிஞ்சுடும்!

மூணாவது, நீங்க எதிர்பார்த்துக்கிட்டு இருக்கிற 'பாட்ஷா' (1995). இதுக்கும் வசனம் பாலகுமாரன்தான், தெரியுமா? 'நான் ஒரு தடவ சொன்னா நூறு தடவ சொன்ன மாதிரி.' இந்த வசனத்தைக் கேட்கிறப்போ எல்லாம் எனக்கு ஸ்கிரீன் பிரிண்டர்தான் ஞாபகத்துக்கு வருவார். அவர் வேலையே அதுதானே! ஒரு தடவை ஃப்ரேம் போட்டா நூறு காப்பி. அதனால இந்த டிசைனை ஒரு தாள்ல முடிக்காதீங்க. நூறு தாள்ல முடிங்க. அந்தப் படத்துல பாதி நேரம் மாணிக்கம் வாயை மூடிக்கிட்டு எல்லாத்தையும் தாங்குறார், ஞாபகம் இருக்கா? பேசாம இருந்த ஆள் பேசுறதாலதான் அந்த வரிக்கு அவ்வளவு கனம். ஸோ, ஒரு தாள்ல ஒரே ஒரு கறுப்புக் கோடு. மூடின வாய். அதே கோட்டை நூறு தாள்ல இழுங்க. காலேஜ் காரிடார் சுவத்துல பத்துக்குப் பத்தா ஒட்டுங்க. வசனத்தை நூறாவது தாளுக்குக் கீழே சின்னதா போடுங்க, போதும்.

ஒரே ஃப்ரேம்லேர்ந்து வந்தாலும் நூறு கோடும் நூறு விதமா இருக்கும். முதல் சில தாள்ல மை தடிமனா விழும், நடுவுல சீராகும், வலை அடைக்க ஆரம்பிச்சதும் மங்கும். அதைக் குறைன்னு தூக்கிப் போடாதீங்க. ஆண்டி வார்ஹால் அதையே கலையா ஆக்கினவர். 1962 ஆகஸ்ட்ல மர்லின் மன்றோ இறந்தாங்க. அந்த வருஷமே வார்ஹால், 'நயாகரா' (1953) படத்துக்காக எடுத்த விளம்பர போட்டோ ஒண்ணை எடுத்து அதே முகத்தை 50 தடவை ஸ்கிரீன்ல இழுத்தார். இடது பக்கம் 25 கலர்ல, வலது பக்கம் 25 கறுப்பு வெள்ளையில. வலது பக்கம் போகப் போக முகம் மங்கி மறைஞ்சே போகும். ஒரு நடிகை காணாமப் போறதை மை வத்திப் போறதே சொல்லிடுது. (முகம் வரக் கூடாதுன்னு கண்டிஷன் போட்டுட்டு முகத்தையே உதாரணம் சொல்றியேன்னு கேட்காதீங்க. 50 தடவை அழிக்கிற தைரியம் இருந்தா நீங்களும் போட்டுக்கலாம்!)

வெளிநாட்டு வசனம் வேணுமா? 2005-ல் அமெரிக்கன் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் 100 வசனங்களுக்குப் பட்டியல் போட்டது. அதுல 'ஜாஸ்' (1975) படத்து வசனம் ஒண்ணு உண்டு. சுறாவை முதல் தடவையா பக்கத்துல பார்த்ததும் போலீஸ் அதிகாரி, நமக்கு இதைவிடப் பெரிய படகு வேணும்கிற மாதிரி சொல்வார். சுறாவை வரைஞ்சீங்கன்னா அவுட். அந்த வரியில சுறாவே கிடையாதே! நீலத்தை மட்டும் தாள் முழுக்க இழுத்துட்டு, மேல் ஓரத்துல அரிசி மணி சைஸுக்கு ஒரு படகை வெள்ளையா விட்டுருங்க. பார்க்கிறவன் சுறாவைத் தானா உள்ளே போட்டுப்பான். இப்படி அச்சடிச்ச சினிமா போஸ்டர்களை லிமிடெட் எடிஷனா வித்தே அமெரிக்காவுல ஆஸ்டின் நகரத்துல மோண்டோன்னு ஒரு நிறுவனம் பெரிய பேர் வாங்கிச்சு. அதோட போஸ்டர்களுக்காக ரசிகர்கள் அடிச்சுக்கிட்ட காலம் உண்டு.

டிசைன் தேறுமான்னு பார்க்க நான் சொல்ற டெஸ்ட் சிம்பிள். வசனத்தைக் கையால மறைச்சுட்டுப் படத்தை மட்டும் பாருங்க. பார்க்கிற மாதிரி ஏதாவது இருக்கணும், ஆனா முழுசா புரியக் கூடாது. இப்போ கையை எடுங்க. வசனத்தைப் படிச்சதும் 'அட!'ன்னு இருந்தா பாஸ். மறைச்சிருக்கும்போதே வசனம் இன்னதுன்னு தெரிஞ்சுட்டா அது டிசைன் இல்லை, க்விஸ் புரோகிராம். கையை எடுத்த பிறகும் 'அட' வரலைன்னா மறுபடியும் நோட்டுப் புத்தகம். ஒரு வசனத்துக்கு இருபது ரஃப் ஸ்கெட்சாவது போடுங்க. முதல் அஞ்சு, எல்லார் தலையிலயும் வர்றதாத்தான் இருக்கும்.

எழுத்தையும் சும்மா விடாதீங்க. எழுத்தே படமாகலாம். லாஸ் ஏஞ்சலீஸ்ல கோரிட்டா கென்ட்னு ஒரு கன்னியாஸ்திரீ இருந்தாங்க. காலேஜ்ல ஓவியம் சொல்லிக் கொடுத்த டீச்சர். 1960-கள்ல ரொட்டி பாக்கெட் டிசைன், சூப்பர் மார்க்கெட் விளம்பர வாசகம் இதையெல்லாம் எடுத்து ஸ்கிரீன் பிரிண்ட் பண்ணினாங்க. விளம்பரத் தாளைக் கசக்கி, அந்தக் கசங்கலையே போட்டோ எடுத்து, வளைஞ்ச எழுத்தை அப்படியே ஸ்டென்சில் ஆக்கினாங்க. கடையில கத்திக்கிட்டு இருந்த வார்த்தை அவங்க கையில பிரார்த்தனை மாதிரி ஆயிடுச்சு. நாம பன்ச் டயலாக்கை வெச்சுக்கிட்டு என்னென்ன பண்ணலாம்! 'பத்த வச்சிட்டியே பரட்டை'க்கு எழுத்துல தீ எரியற மாதிரி போட்டா மொக்கை. அதையே சிவகாசி தீப்பெட்டி லேபிள் மாதிரி ரெண்டு கலர்ல, சின்ன சைஸ்ல, ஓரத்துல ஒரு பார்டரோட போட்டா, ஒரு வார்த்தையில ஊரைக் கொளுத்துறவனோட குணம் பாக்கெட்டுக்குள்ள வந்துடும்.

தமிழ் எழுத்துல ஒரு ஆபத்து இருக்கு, கவனமா கேளுங்க. புள்ளி! இங்கிலீஷ்ல 'ஐ' மேல இருக்கிற புள்ளி போனா யாரும் கவலைப்பட மாட்டாங்க. இங்கே புள்ளி போனா வார்த்தையே போச்சு. ஃப்ரேமுக்கு வெளிச்சம் கொஞ்சம் அதிகமா காட்டிட்டா முதல்ல அடைபடுறது அந்தச் சின்னப் புள்ளிதான். 'கெட்டவரா'ன்னு கேட்டது 'கெடடவரா' ஆயிடும். பாட்ஷா 'சொனனா'ன்னு சொல்வார். மானம் போயிடும்! அதே மாதிரி 'ணை', 'ளை'யில வர்ற சுழிக்குள்ள மை நிரம்பி உருண்டையா நிக்கும். அதனால கம்ப்யூட்டர் ஃபான்ட்டை அப்படியே எடுக்காம புள்ளியை ஒரு சுத்து பெருசாக்குங்க, சுழியைத் திறந்து விடுங்க. கையாலேயே எழுதினா இன்னும் உத்தமம். பழைய சினிமா டைட்டில் கார்டு எழுத்தை எல்லாம் உட்கார்ந்து பாருங்க, புள்ளியை எவ்வளவு தாராளமா வெச்சிருக்காங்கன்னு தெரியும்.

இனிமே செய்முறை. பக்கத்துல இருக்கிற ஸ்கிரீன் பிரிண்டிங் கடைக்குப் போய் ஒரு நாள் ஓரமா நின்னு பார்த்தீங்கன்னா நான் எழுதுறதைவிட நல்லா விளங்கும். கல்யாண சீசன் இல்லாத மாசமா போங்க. சீசன்ல போனா தாளை எடுத்துக் காயப் போடுற வேலையை உங்க தலையில கட்டிடுவாங்க. அதுவும் நல்ல டிரெய்னிங்தான்.

வலை வாங்கும்போது எதுக்குன்னு சொல்லி வாங்கணும். துணிக்கு ஓட்டை பெருசா இருக்கணும், சென்டிமீட்டருக்கு 43 இழை மாதிரி. பேப்பர்ல நுணுக்கமா வேணும்னா 90-லேர்ந்து 120 இழை. வலையைச் சோப்புத் தண்ணியில கழுவிக் காய வெச்சு, வெளிச்சம் படாத ரூம்ல எமல்ஷனை மெலிசா, ரெண்டு பக்கமும் தடவுங்க. இருட்டுலேயே ஃபேன் காத்துல காயட்டும். உங்க டிசைனைத் திட்டமான கறுப்புல ட்ரேசிங் பேப்பர்லயோ ஃபிலிம்லயோ எடுத்து, காஞ்ச வலை மேல ஒட்ட வெச்சு, மேலே கண்ணாடி வெச்சு அழுத்தி வெளிச்சம் காட்டணும். வெளிச்சம் பட்ட இடம் இறுகிடும். கறுப்பு மறைச்ச இடம் இளகியே இருக்கும், தண்ணியைப் பீச்சினா கரைஞ்சு ஓடிடும். அதுதான் மை போகிற வாசல். எத்தனை நிமிஷம் வெளிச்சம்னு கேட்டா பொதுவா ஒரு பதில் கிடையாது. வெயிலுக்கு ஒண்ணு, டியூப் லைட்டுக்கு ஒண்ணு, எமல்ஷனுக்கு எமல்ஷன் மாறும். ஒரு துண்டு வலையில பட்டை பட்டையா மறைச்சு, வேற வேற நேரம் காட்டிப் பார்த்துட்டு, புள்ளி எந்தப் பட்டையில பொழைச்சிருக்கோ அந்த நேரத்தை எடுத்துக்குங்க.

இழுக்கும்போது வலை தாளோட ஒட்டிக்கக் கூடாது. நாலு மூலையிலயும் ஒரு ரூபாய் காசு கனத்துக்குத் தூக்கி வெச்சீங்கன்னா ரப்பர் கட்டை போகிற இடம் மட்டும் தொட்டுட்டு எழும்பும். ரெண்டு கலர்னா வெளிர் நிறம் முதல்ல, அடர் நிறம் பின்னாடி. ரெண்டும் சேர்ற விளிம்புல அடர் நிறம் கொஞ்சம் மேலே ஏறி உட்காருற மாதிரி டிசைன்லயே விட்டுருங்க. மயிரிழை நகர்ந்தாலும் நடுவுல வெள்ளைக் கோடு பல்லிளிக்காது. தாளைப் பதிக்கிற இடத்துல மூணு அட்டைத் துண்டை ஒட்டி வெச்சா எல்லாத் தாளும் ஒரே இடத்துல உட்காரும். டி-ஷர்ட்னா காஞ்ச பிறகு மேலே ஒரு துணி போட்டு இஸ்திரிப் பெட்டியால நல்லா சூடு காட்டணும். இல்லாட்டி முதல் சலவையிலேயே பாட்ஷா ஆட்டோ ஏறிடுவார்!

ஒரு சீரியஸான விஷயம். சில கடைகள்ல எமல்ஷனோட கலக்கிற ஆரஞ்சு கலர் பைகுரோமேட் இருக்கே, அது விஷம். புற்றுநோய் வரவழைக்கக் கூடியது. கையால தொடவே வேண்டாம், அதைக் கழுவின தண்ணியைச் சாக்கடையில விடவும் கூடாது. டயாசோ கலந்த எமல்ஷன், இல்லைன்னா ரெடிமேடா வர்ற ஃபோட்டோபாலிமர் எமல்ஷன்னு கேட்டு வாங்குங்க. மையும் தண்ணியில கரையறதா பாருங்க. ஹாஸ்டல் ரூம்ல ஜன்னலைச் சாத்திக்கிட்டு தின்னர் வாசனையில உட்கார்ந்து பிரிண்ட் அடிக்கிற வீரம் வேண்டாம். தலைவலியோட போச்சுன்னா நீங்க அதிர்ஷ்டசாலி.

அச்சடிச்சாச்சு. கீழே ஓரத்துல பென்சிலால 7/100-ன்னு போடுங்க. நூறுல ஏழாவதுன்னு அர்த்தம். பக்கத்துல உங்க கையெழுத்து. இன்னொரு பேரும் அங்கே வந்தாகணும். படத்தோட பேர், வருஷம், வசனம் எழுதினவர் பேர்! பாட்ஷாவும் நாயகனும் ஒரே ஆள் எழுதினதுன்னு மேலே படிச்சப்போ உங்கள்ல எத்தனை பேர் புருவத்தைத் தூக்கினீங்க? 2018-ல் பாலகுமாரன் இறந்தப்போ அவரை நாவலாசிரியரா தெரிஞ்ச அளவுக்கு, தினமும் நம்ம வாய்ல வர்ற பன்ச்சை எழுதினவரா தெரிஞ்சவங்க கம்மிதான். கலைமணி பேரைக் கேட்டா முழிப்போம், ஆனா பரட்டையைத் தெரியாத ஆள் கிடையாது. 'ஜாஸ்'ல அந்தப் படகு வரி ஷூட்டிங்ல நடிகர் ராய் ஷைடர் சொந்தமா சேர்த்துப் பேசினதுன்னு அந்தப் படத்துக்கு எழுதினவரே சொல்லியிருக்கார். அவங்க அதைக்கூட விடாம பதிவு பண்ணி வெச்சிருக்காங்க. நாம டி-ஷர்ட்டுல ஒரு வரி போட முடியாதா என்ன?

நாலு பேருக்குக் கொடுக்கிறது வேற, கடை போட்டு விக்கிறது வேற. விக்கப் போறீங்கன்னா உஷார். வசனம், ஸ்டில், நடிகர் முகம் மூணுக்கும் உரிமைக்காரங்க இருக்காங்க. தன் பேரையும் ஸ்டைலையும் அனுமதி இல்லாம ஒரு இந்திப் படத்துல பயன்படுத்தறாங்கன்னு ரஜினிகாந்த் போட்ட வழக்குல, 2015-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமா உத்தரவு போட்டது. வார்ஹாலுக்கே இந்தக் கதிதான். பாடகர் பிரின்ஸை லின் கோல்ட்ஸ்மித் 1981-ல் எடுத்த போட்டோவை வெச்சு அவர் ஸ்கிரீன் பிரிண்ட் பண்ணியிருந்தார். அவர் இறந்து பல வருஷம் கழிச்சு, 2016-ல் அதுல ஒண்ணை ஒரு பத்திரிகைக்குக் கொடுத்து அவரோட அறக்கட்டளை காசு வாங்கினது. அது செல்லாதுன்னு 2023-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் போட்டோகிராஃபர் பக்கம் தீர்ப்பு சொல்லிடுச்சு. கல்ச்சுரல்ஸ் ஸ்டால்ல வெச்சு விக்கிறதுக்கு முன்னாடி ஒரு போன், ஒரு மெயில், ஒரு அனுமதி. கிடைக்கலைன்னா வசனத்தையே எடுத்துடுங்க. நீட்டின அந்தக் கையும், அதுல வராத காசும் வசனம் இல்லாமலும் நிக்குதான்னு பாருங்க. நின்னுச்சுன்னா அது முழுக்க முழுக்க உங்களோடது, தைரியமா வித்துக்கலாம்.

வேலை முடிஞ்சதும் அரட்டை அடிக்க உட்கார்ந்துடாதீங்க. தண்ணி மை வலையில காஞ்சா கல்லாயிடும். உடனே கழுவுங்க. நூறு தாளும் போய்ச் சேர்ந்ததும் எமல்ஷன் ரிமூவர் தடவி, அஞ்சு நிமிஷம் ஊறவிட்டு, தண்ணியை வேகமாப் பீச்சினா பழைய டிசைன் மொத்தமும் கரைஞ்சு ஓடிடும். பின்னாடி லேசா ஒரு நிழல் தெரியும், பரவாயில்லை. அதே ஃப்ரேம் அடுத்த வசனத்துக்கு ரெடி.